இடது பின்கதவு

அக்காவின் காரில் முன்சீட்டுக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. போன ஐப்பசி மழையில், வானகரம் தாண்டிக்கொண்டிருந்தபோது, துடைக்கும் துணியைத் தேடி அதைத் திறந்தேன். முதலில் கையில் பட்டது ஃபீலர் கேஜ். விசிறிபோல் விரியும் எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமன், தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கருவி. மற்றவர்கள் அந்தப் பெட்டியில் இன்ஷூரன்ஸ் காகிதமும் டார்ச் லைட்டும் விபூதிப் பொட்டலமும் வைத்திருப்பார்கள். அக்காவும் அவற்றை வைத்திருக்கிறாள். கேஜ் மட்டும் அத்தானுடையது. அதை அவர் அங்கே வைத்த நாளிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எண்ணெய் காய்ந்து தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். எங்கள் அப்பாவும் அதே தொழிற்சாலைதான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். கல்யாணம் ஆகி அக்கா நான்கு தெரு தள்ளிப் போனாள், அவ்வளவுதான். அத்தானின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வந்த பாகத்தை அளப்பார், சரியென்றால் முத்திரை குத்துவார், இல்லையென்றால் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்த பாகம் செய்த இடத்துக்கே திரும்பிப் போகும். அங்கே சரிசெய்து, அதே எண்ணோடு, அதே இன்ஸ்பெக்டரிடம் மறுபடி கொண்டுவர வேண்டும். இன்ஸ்பெக்டர் தன் கையால் அரத்தைத் தொடக் கூடாது. இது அங்கே எழுதப்பட்ட விதியா, வழக்கமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தான் இதை வீட்டிலும் கடைப்பிடித்தார். குளியலறைக் குழாய் சொட்டினால் அதன்மேல் சிவப்பு வட்டம் விழும், குவார்ட்டர்ஸ் பராமரிப்பு ஆபீசுக்குப் புகார் போகும், ஆள் வரும்வரை குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். "ஒரு நூலைச் சுத்தி முறுக்கினா நின்னுடும், ஆம்பளை நிக்கிறீங்களே" என்பாள் அக்கா. "நானே கை வெச்சா அப்புறம் அதை யாரு இன்ஸ்பெக்ட் பண்றது?" என்பார் அத்தான். அக்கா நூலைச் சுற்றிவிட்டுப் போவாள். ஆள் வந்து பார்க்கும்போது குழாய் சொட்டாது. அத்தானுக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

இந்த மனிதருக்குக் கார் என்றால் பித்து. கார் வைத்திருந்தவர் அல்ல. ஓட்டவும் தெரியாது. ஒருமுறை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இரண்டாம் வகுப்பிலேயே அவர்களுடைய வண்டியின் கிளட்ச் சரியில்லை, இதில் கற்றுக்கொண்டால் தப்பாகத்தான் கற்றுக்கொள்வேன் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டார். ஆனால் நாட்டில் கார் செய்யும் ஒவ்வொரு கம்பெனியைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. ஆங்கிலக் கார் பத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்காமல் படிப்பார். குவார்ட்டர்ஸ் தெருவில் யாருடைய உறவினராவது காரில் வந்து இறங்கினால், வந்தவரை வாங்க என்று கூப்பிடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். வண்டிக்காரருக்கு முதலில் பெருமையாக இருக்கும். சுற்று முடியும்போது அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அவருடைய தீர்ப்புகளை வகைப்படுத்திச் சொல்ல எனக்குப் பிடிக்கும். முதல் வகை, பல வருஷங்களாக ஒரே காரைச் செய்துகொண்டிருந்த பழைய கம்பெனிகளுக்கானது. "ஒரே சட்டியில சோறு வடிக்கிறான். அப்பப்ப சட்டிக்குப் பொட்டு வைக்கிறான். அதுக்குப் பேரு புது மாடல்." பொட்டு என்று அவர் சொன்னது முன்பக்கக் கிரில்லையும் பின்விளக்கையும். தகட்டை அழுத்திக் கதவும் கூரையும் ஆக்கும் அச்சுகளின் விலை எப்போதோ திரும்ப வந்துவிட்டது. இனி அடிப்பதெல்லாம் லாபம். எனவே அச்சு தேய்ந்தாலும் மாற்றமாட்டான் என்பது அவர் கணக்கு. இரண்டாம் வகை, புதிதாக வந்து, பணம் கட்டி வருஷக்கணக்காகக் காத்திருக்க வைத்த கம்பெனிகளுக்கானது. இதைச் சொல்லும்போது குரல் ஏறும். "வரிசை நிக்கிறவரைக்கும் அவனுக்கு இன்ஸ்பெக்டர் எதுக்கு? வாங்கினவன் தலையில மழை பெஞ்சா தானா இன்ஸ்பெக்‌ஷன் ஆயிடும்!" ஒவ்வொருவனும் கோணல் காரை வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் ஆறே மாதத்தில் திருந்திவிடுவார்கள் என்று முடிப்பார். உள்ளேயிருந்து அக்கா கேட்பாள்: "ஒவ்வொருத்தனும்னா யார் யாரு? எதிர்வீட்டுக்காரர் இரவல் குடுத்த சொந்தக் குடையையே திருப்பிக் கேக்க மாட்டாரே, அவரும் சேர்த்தியா?"

எனக்கு அவரோடு சண்டை போடப் பிடிக்கும். கொழுந்தியாளுக்கு அந்த உரிமை உண்டு. பள்ளிக்கூட நாட்களில் வாய்க்கு வந்ததைச் சொல்லி மறுத்தேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்த பிறகு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுத்தேன். "வாங்க இன்ஜினியரம்மா, இன்னிக்கு எந்தச் சாப்டர்?" என்று வரவேற்பார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. சரியாக இருந்து என்ன ஆயிற்று என்பதுதான் இன்றுவரை என் கேள்வி.

அவரும் புக்கிங் செய்திருந்தார். கம்பெனியின் பெயர் வேண்டாம். வரிசை வைத்திருந்த எல்லோருக்கும் கதை ஒன்றுதான். கார் வரும்போது ஓட்ட ஆள் வேண்டுமே என்று அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அப்போது அவள் பள்ளி ஆசிரியை. ஆவடியிலிருந்து பூந்தமல்லிப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வருபவள். அம்பத்தூரில் அந்த ஸ்கூல் மாஸ்டர் பழைய லாரி டிரைவர். பின்சீட்டில் துணைக்கு உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "பிரேக்க மிதி மேடம்! அது இன்னா வெத்தலையா, நைஸா தடவிக்கினு கீற?" மூன்றாம் வாரத்தில் அதே மாஸ்டர், "யம்மா, வூட்டுக்காரரு இன்னா வேல செய்றாரு? டேங்க் பேக்டரியா? அப்ப உன்னியே டேங்க் ஓட்டச் சொல்லு, நல்லா ஓட்டற" என்றார். அக்கா சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவு அகலமாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தெருவில் கார் ஓட்டும் பெண் என்று யாரும் அப்போது இல்லை. எங்கள் அம்மாவுக்கு அது பயமாகவும், அக்காவுக்கு அதுவே காரணமாகவும் இருந்தது.

அலாட்மென்ட் கடிதம் வந்தது. டெலிவரி நாளன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த டீலரின் யார்டுக்கு நாங்கள் மூவரும் போனோம். என் கையில் சம்பங்கி மாலை. அக்கா கைப்பையில் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம். பட்டுப்புடவை கட்டியிருந்தாள்; காலில் மட்டும் தட்டையான கான்வாஸ் ஷூ. பெடலை மிதிக்கத் தோதாக இருக்கும் என்று முந்தின வாரம் வாங்கியது. அத்தான் சட்டைப்பையில் என்ன வைத்திருந்தார் என்பது வண்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைக் கார். அத்தான் ஒரு சுற்று வந்தார். மறுபடி ஒரு சுற்று. இடது பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று ஃபீலர் கேஜை எடுத்தார். கதவு இடைவெளி அளக்க அது சரியான கருவியே அல்ல, மிக மெல்லிய இடைவெளிகளுக்கானது. அவருக்கும் அது தெரியும். எல்லாத் தகடுகளையும் சேர்த்து அடுக்கி ஒரே கட்டையாக நுழைத்தார். மற்ற கதவுகளில் கட்டை பிடித்துக்கொண்டு நின்றது. அந்தக் கதவின் மேல்பக்கம் கடகடவென்று ஆடியது, கீழ்ப்பக்கம் பாதிக்குமேல் நுழையவில்லை. கதவு கொஞ்சம் சாய்ந்து மாட்டப்பட்டிருந்தது. வெறும் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருந்தது. பார்க்கிற பழக்கம் இருந்தால். அத்தான் சாக்பீஸை எடுத்து, வெள்ளைக் கதவில் அழகாக ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

யார்டு ஆள் ஓடிவந்தான். "இன்னா சார் இது, புது வண்டி மேல கோலம் போட்ற?"

"ரிஜெக்ட்" என்றார் அத்தான். "கதவு அலைன்மென்ட் இல்ல. சரிபண்ணி மறுபடி காட்டுங்க."

"சார், அல்லா வண்டியும் இப்டித்தான் வர்து. போவப் போவ செட் ஆயிடும் சார்."

"கோணக் கதவு ஓட ஓட நேராகும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

மேனேஜர் வந்தார். வண்டி வேண்டாமென்று எழுதிக் கொடுக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். வேண்டாமென்று அல்ல, குறை நீக்கித் தரும்வரை ஏற்க இயலாது என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார் அத்தான். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். "என்னங்க, எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக்கலாம்ங்க. ஒரு கதவுதானே." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுத எனக்கு ஆசை, கோபப்பட வசதியாக இருக்கும். உண்மையில் அவர் அவளைப் பார்த்து, மிகுந்த பொறுமையோடு, "ஒரு வாரம்தான். சரியாகி வந்துடும். உனக்குக் கோணல் வண்டியையா குடுப்பேன்?" என்றார். அதை நம்பித்தான் சொன்னார்.

நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் வரிசையில் அடுத்தவர் வந்துவிட்டார். பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருப்பவர், சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்க வந்தவர். மேனேஜர் அவர் காதில் ஏதோ சொல்ல, மண்டிக்காரர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவிலிருந்த சிவப்பு வட்டத்தைத் துடைத்தார். அத்தான் அதைப் பார்க்கவில்லை, அவர் சாலையில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பார்த்தாள். திரும்பிப்போய், பூஜைக்கு எதுவும் கொண்டுவராத அந்த மனிதரிடம் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். மாலையை என் கையிலிருந்து வாங்கி அதையும் கொடுத்தாள். "வச்சுக்கோங்க. எதுக்கு வாடணும்" என்றாள். "நல்லாருக்கணும்மா" என்றார் அவர். பஸ்ஸில் கூட்டம். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவைக்குக் கீழே அந்தக் கான்வாஸ் ஷூவை யாரோ மிதித்துவிட்டார்கள்.

சொன்ன ஒரு வாரம் கழித்து அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனார். ரீவொர்க் முடிந்திருக்கும் என்றார். அதே ஆள்தான் நின்றான். "எந்த வண்டி சார்? கோலம் போட்டியே, அதுவா? அது அன்னிக்கே பூட்ச்சே! மண்டிக்கார நைனா மாலை போட்டு எட்த்துகினு போய்ட்டாரு." அத்தானுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "அது ரிஜெக்ட் பண்ணின வண்டி ஆச்சே" என்றார். கோபமாக அல்ல, கணக்கு உதைக்கிறவர் குரலில். தொழிற்சாலையில் இத்தனை வருஷத்தில் அவர் சிவப்பு வட்டம் போட்ட ஒரு பாகம் அவரிடம் திரும்பாமல் போனதில்லை. அப்படிப் போக முடியும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மேனேஜரிடம் போனோம். அலாட்மென்டை ஏற்க மறுத்ததால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது என்றார். பஸ்ஸில் வரும்போது அத்தான் கார் கம்பெனியின் உத்தியைப் பற்றி எனக்கு நீண்ட விளக்கம் தந்தார். எல்லாம் சரியான கருத்து. எனக்கு ஜன்னல் கம்பியில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன்பின் கார் வரவில்லை. விலை ஏறியது, குழந்தைகள் பிறந்தார்கள், ஐயப்பன்தாங்கலில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோனார்கள். அக்கா அந்த நாளைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை. கார் பேச்சு எடுத்தால் எழுந்து உள்ளே போவாள், அவ்வளவுதான். அத்தான் பேச்சை நிறுத்தவில்லை.

நான் டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்க் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனியில் தர ஆய்வில் சேர்ந்தேன். மண்ணூர்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி, சைக்கிளில் போய்வருவேன். வேலையில் கற்றுக்கொண்ட முதல் விஷயமே என்னை எரிச்சலூட்டியது. சாய்ந்த கதவு ஒன்றும் பெரிய நோய் அல்ல. கீலின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒருவர் கதவைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் முடுக்கினால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதற்காகவா அத்தனை வருஷம் அவள் பஸ்ஸில் தொங்கினாள்? அன்று மாலையே ஐயப்பன்தாங்கல் போய் அத்தானிடம் சொன்னேன். "தெரியுமே" என்றார். "செய்யறது அவன் வேலை. நான் செஞ்சுகிட்டா அவன் எப்பத் திருந்துவான்?" நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. அத்தானின் தீர்ப்புகளில் மூன்றாம் வகை சேர்ந்தது. "அவன் ஊர்ல நிறுத்தின மாடலை இங்க இறக்குறான். பழைய துணியைத் தங்கச்சிக்குக் குடுக்கிற மாதிரி." இதை மறுக்க ஆசைப்பட்டேன். ஆனால் அப்படி ஒரு கம்பெனிக்குக் கீல் செய்ய எங்களுக்கு ஆர்டர் வந்தபோது கூடவே வந்த அச்சுகளைப் பார்த்தேன். வெல்டிங் வைத்துத் தேய்த்த தழும்புகள்; அவர்கள் ஊரில் ஓடித் தேய்ந்தவை. நிறையக் கார் விற்கப்போகிறது என்று சொல்லி எங்கள் முதலாளியைப் புது ஷெட் போட வைத்தார்கள். சப்ளையர் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன்: இந்த விலைக்குக் கார் வாங்குகிறவர் இங்கே டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால்தான் உட்காருவார், உங்கள் காரில் பின்கண்ணாடி பாதிதான் இறங்குகிறது, நான்கு பேர் ஏறினால் வேகத்தடையில் அடி தட்டுகிறது, யாருக்காக இதைச் செய்தீர்கள்? பேசிய பிறகுதான் அவை அத்தானின் வார்த்தைகள் என்று உறைத்தது. நல்ல கேள்வி என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனார்கள். கார் விற்கவில்லை. புது ஷெட்டில் பழைய அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. அந்த லைனுக்கென்று சேர்த்த பெண்களை மாதம் சிலராக அனுப்பிவிட்டார்கள். சரியாகச் சொல்வதற்கும் அதைக் கேட்க வைப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க எந்தத் தகடும் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அக்கா எனக்கு ஆபீசுக்குப் போன் செய்தாள். "கார் புக் பண்ணிட்டேன். என் பேர்ல, என் சம்பளத்துல. வெள்ளிக்கிழமை டெலிவரி. நீ லீவு போடு." அத்தானிடம் சொல்லியாகிவிட்டதா என்றேன். "நேத்து ராத்திரி சாப்பிடறப்போ சொன்னேன். எந்த மாடல்னு கேட்டாரு. வெள்ளைன்னேன்."

இப்போது வரிசை எதுவும் கிடையாது. கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூம், டை கட்டிய பையன்கள், குளிர்பானம். பின்னால் யார்டில் வாங்க ஆளில்லாமல் கார்கள் வரிசையாக நின்றன. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி வெறுங்காலைப் பெடலில் வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தான் ஒரு சுற்று வந்தார். பழைய நினைவில் என் கண்ணும் இடது பின்கதவுக்குத்தான் போனது. கீல் எங்கள் கம்பெனியுடையது அல்ல. முதலில் அதை உறுதிசெய்துகொண்டேன். கதவு சாய்ந்திருந்தது. அதே கதவாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் எனக்குக் கழுத்து சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் ஆகியுமா?

அத்தான் கதவைத் திறந்தார், மூடினார், சத்தத்தைக் கேட்டார். கை சட்டைப்பைக்குப் போனது.

"மேல அகலம், கீழ இடுக்கு" என்றேன் மெதுவாக.

"பாத்தேன்."

டை கட்டிய பையன் பக்கத்தில் வந்தான். "எனி பிராப்ளம் சார்? டவுட்னா சொல்லுங்க, வேற வண்டி மாத்திடலாம். யார்டுல நெறைய கீது சார்."

"இப்ப சொன்னா நடக்கும் அத்தான்" என்றேன். "அன்னிக்கு மாதிரி இல்ல. சொல்லுங்க. இதுக்குத்தானே இவ்வளவு வருஷம் பேசினீங்க?"

அவர் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தார். அவள் எங்களைப் பார்க்கவில்லை. எதிரே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சாவி ஏற்கெனவே துவாரத்தில் இருந்தது. அத்தான் முன்கதவைத் திறந்து, கேஜை அந்தச் சின்னப் பெட்டியில் வைத்து மூடினார். பையனிடம், "எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்றார். பிறகு போய் அந்தக் கோணல் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "வாயை மூடிக்கிட்டு முன்னாடி ஏறு" என்றார். அக்கா வண்டியை எடுத்தாள்; சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

எனக்கு இன்னும் ஆறவில்லை. சொல்லிப் பயனில்லாத நாளில் சொன்னார், சொல்லிப் பயனிருந்த நாளில் சொல்லவில்லை. கோணல் காரைத் தள்ளிவிட்டவன் இந்த முறையும் தப்பித்துக்கொண்டான். போல்ட்டைத் தளர்த்தி நானே சரிசெய்துவிடுகிறேன் என்று இரண்டு முறை ஸ்பானரோடு போனேன். "தொடாதே" என்றார் அத்தான், "அது அவன் தப்பு." சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் புகார் எழுதிக் கொடுக்கிறார். அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. கார் வேகமெடுத்தால் அந்த இடுக்கில் காற்று விசிலடிக்கிறது.

அன்று வானகரம் தாண்டி மழை வலுத்தது. அத்தான் எப்போதும் உட்காரும் இடத்தில், கதவின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் கசிந்து அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கினவன் தலையில் மழை பெய்து நடக்கும் இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. அக்கா கண்ணாடியில் பார்த்து, "என்னங்க, நனையுதா?" என்றாள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டப் போனாள்.

"அதெல்லாம் இல்ல. நீ ஓட்டு" என்றார் அத்தான், வலதுபக்கம் நகர்ந்துகொண்டே.

நான் பெட்டியில் கேஜைத் தள்ளிவிட்டுத் துணியை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அவர் வாங்கித் தோளைத் துடைத்துக்கொண்டார். அக்கா கியரை மாற்றினாள்.